கறுத்த எண்ணெய்

எண்ணெய் விஷயத்தில் எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. தோசைக்கு நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா என்ற வழக்கு என் தாயார் காலத்திலேயே ஆரம்பமாகி, இன்னும் தீர்ப்புச் சொல்லப்படாமல் இருந்து வருகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயா, கடையில் விற்கும் சுத்திகரித்த எண்ணெயா என்பது பின்னால் முளைத்த கிளை வழக்கு. இவற்றில் எல்லாம் என்னை யாரும் சாட்சியாகக்கூட அழைத்ததில்லை. ஆனால் சென்ற வருஷம் மூன்றாவதாக ஒரு வழக்கு வந்தது. அதில் நான் நீதிபதியாக உட்கார்ந்து, வாதியாக எழுந்து, கடைசியில் குற்றவாளியாக நின்றேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் சரித்திர பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 2013-ஆம் வருஷத்தில் வாங்கிய டீஸல் மோட்டார் வண்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அது இதுவரையில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அடுத்த தெருவில் சின்ன பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி ஒருவர்தான் ஆரம்பத்திலிருந்து அதற்கு வைத்தியர். எங்கள் வாசலைக் கடந்து போகும்போதெல்லாம், சைகையால் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வண்டியின் மூடியைத் திறப்பார். உள்ளேயிருந்து ஒரு நீளக் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். டாக்டர்கள் வழியில் கண்டவர்களின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போல இதுவும் ஒரு வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அதற்குக் காசும் கொடுத்ததில்லை. அவர் கேட்டதும் இல்லை.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த என் மூத்த பிள்ளை, கரும்பு, மஞ்சளோடு ஒரு பெரிய டப்பாவையும் இறக்கி வைத்தான்.

"அப்பா! இது ஸிந்தெடிக் ஆயில். இனிமேல் நம் வண்டிக்கு இதைத்தான் ஊற்ற வேண்டும்" என்றான்.

விலையைக் கேட்டேன். வழக்கமாக நாங்கள் ஊற்றும் எண்ணெயைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு! மேஸ்திரியைக் கலந்து கொண்டபோது, "நம் வண்டிக்குப் பழைய ஆயிலே போதும், ஸார். ஆனால் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கி வந்திருக்கிறாரே!" என்று இழுத்தார். உடனே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 1907-ஆம் வருஷம் சூரத் காங்கிரஸில் மிதவாதிகளும் அமிதவாதிகளும் மோதிக்கொண்டபோது நாற்காலிகள் பறந்தன என்று எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் கூடத்தில் நாற்காலி பறக்கவில்லை. மற்றபடி குறைவொன்றும் இல்லை.

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சரித்திர வாத்தியார் ஆகையால், ஆதியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

டீஸல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியர். 1897-ஆம் வருஷம் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய எஞ்சின் செவ்வையாக ஓடிக் காட்டியது. பெட்ரோல் எஞ்சினில் மின்சாரப் பொறி நெருப்பு வைக்கிறது. டீஸல் எஞ்சினிலோ பொறியே கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று அமுக்கிச் சுருக்குகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான், ஆனால் இங்கே உஷ்ணம் ஐந்நூறு டிகிரிக்கு மேல் போய்விடும். அந்தக் காற்றில் டீஸலைப் பீச்சியதும் தானே பற்றிக்கொள்கிறது. 1900-ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில், இந்த மாதிரி எஞ்சின் ஒன்றை வேர்க்கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"அப்படியானால் கடலை எண்ணெய்க் கட்சி அப்போதே ஜயித்துவிட்டது என்று சொல்லுங்கள்" என்றாள் அவள். அவள் எந்தக் கட்சி என்பதை நேயர்கள் இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

எரிக்கிற எண்ணெய் வேறு, மசகு எண்ணெய் வேறு. எஞ்சினுக்குள் உருளும் இரும்பும் இரும்பும் நேராக உராயாமல், இரண்டுக்கும் நடுவில் தலைமயிரைவிட மெல்லிய படலமாக நின்று காப்பதுதான் மசகு எண்ணெயின் முதல் வேலை. அதோடு உஷ்ணத்தைச் சுமந்து செல்வதும், எரிபொருளின் கந்தகத்திலிருந்து பிறக்கும் அமிலத்தை முறிப்பதும், புகைக்கரியை எங்கும் படியவிடாமல் தன்னிலேயே தாங்கிக்கொள்வதும் அதன் கடமை. இவற்றிற்காகவே அதில் பலவித மருந்துச் சரக்குகளைச் சேர்க்கிறார்கள்.

சாதாரண எண்ணெய், பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயை வடித்து, மெழுகு நீக்கிச் சுத்தி செய்தது. அதில் அணுத்திரள்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். ஸிந்தெடிக் என்பதில் உண்மையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சிறிய வாயு அணுத்திரள்களை இரசாயன முறையில் கோத்துப் புதிதாகவே கட்டியது. மற்றொன்று, அதே கச்சா எண்ணெயைக் கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்து, அணுத்திரள்களையே உடைத்துத் திருத்தியது. இரண்டாவது ஜாதிக்கும் அந்தப் பட்டம் பொருந்துமா என்று இரண்டு பெரிய கம்பெனிகளுக்குள் தகராறு வந்து, பொருந்தும் என்று 1999-ஆம் வருஷம் அமெரிக்காவில் விளம்பரங்களைப் பரிசீலிக்கும் ஒரு சபை முடிவு சொல்லிற்று. ஜெர்மனியில் இன்னும் கண்டிப்பு அதிகம்.

எந்த ஜாதியானாலும் ஸிந்தெடிக்குக்குச் சில மேன்மைகள் உண்டு என்பது வாஸ்தவம். குளிரில் அது சீக்கிரம் இறுகாது. உஷ்ணத்தில் அவ்வளவு நீர்த்துப் போகாது. ஆவியாவதும் கெடுவதும் குறைவு. டப்பாவின் மேல் '15டபிள்யூ-40' என்றும் '5டபிள்யூ-30' என்றும் போட்டிருக்கிறார்களே, அதன் முதல் எண் குளிரைப் பற்றியது. இரண்டாவது எண், எஞ்சின் சூடான பிறகு எண்ணெய்க்கு இருக்கும் தடிப்பைப் பற்றியது. 15 என்று போட்ட எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரையில் எஞ்சினைச் சுழலவிட வேண்டும். 5 என்று போட்டது முப்பது டிகிரி வரையில். லடாக்கில் வண்டி வைத்திருப்பவருக்கு இது பிராணாதாரமான விஷயம். மார்கழி விடியற்காலையில் இருபது டிகிரிக்கே கம்பளி தேடும் கும்பகோணவாசிக்கு இதனால் என்ன லாபம்?

இவ்வளவும் படித்த பிறகு நான் செய்த தீர்ப்பு என்ன தெரியுமா? "விலை அதிகம், ஆகையால் குணமும் அதிகமாகத்தான் இருக்கும்." படிப்பது ஒன்று, செய்வது ஒன்று என்பது வாத்தியார்களுக்கு வழக்கந்தானே!

மேஸ்திரி மறு பேச்சுப் பேசாமல் பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, புது எண்ணெயை ஊற்றினார். "இது கொஞ்சம் இளகலான ரகம், ஸார். எஞ்சினுக்கும் வயதாகிறது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் பார்க்கிறேன்" என்றார்.

பத்து நாள் கழித்து என் பிள்ளை டெலிபோனில், "புது ஆயில் எப்படியிருக்கிறது, அப்பா?" என்று விசாரித்தான். ஆயுளில் முதல் தடவையாக நானே அந்தக் கம்பியை உருவிப் பார்த்தேன். மாட்டுப் பொங்கலன்று தேன் நிறமாக உள்ளே போன எண்ணெய், எழுதும் மையைப் போல் கன்னங்கரேலென்று வந்தது!

அடுப்பங்கரை சாஸ்திரம் எனக்குத் தெரியும். வடை சுட்ட எண்ணெய் கறுத்தால் அது பழசு, கெட்டது, கொட்ட வேண்டியது. ஆகவே, என் வண்டியில் இருப்பது பழைய எண்ணெய். அப்படியானால் என் பிள்ளை வாங்கி வந்த புது எண்ணெய் எங்கே?

இந்தக் கேள்வியை வீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தால் பாதகமில்லை. நான் நேரே பட்டறைக்குப் போய், வேலை செய்யும் இரண்டு பையன்களுக்கும் கார் விட வந்திருந்த ஒரு பெரியவருக்கும் எதிரில் கேட்டேன்.

மேஸ்திரி கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சாக்கட்டியால் என் வண்டியின் எண் எழுதியிருந்த காலி டப்பாவை எடுத்து வந்தார். "காலி டப்பா வெளியில் போனால் கண்ட எண்ணெயை அடைத்து விற்றுவிடுகிறார்கள். அதனால் சொந்தக்காரரிடமே கொடுத்துவிடுவது வழக்கம், ஸார். இதை நீங்கள் வாங்கிப் போக மறந்துவிட்டீர்கள்" என்றார். பிறகு என்னோடு வந்து, கம்பியிலிருந்து ஒரு சொட்டை ஒரு காகிதத்தின் மேல் விட்டார். அது நடுவில் கறுத்து, வெளியே போகப் போக ஒரே சீராக வெளிறிப் பரவியது. "கரியை எண்ணெய் இன்னும் பிரித்துப் பிரித்துத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பரவுகிறது. கெட்டுப்போன எண்ணெயானால் நடுவிலேயே கரைகட்டி நின்றுவிடும். டீஸல் எஞ்சினில் கறுக்காத எண்ணெயே கிடையாது, ஸார். அழுக்குத் துணி துவைத்த தண்ணீர் தெளிவாக இருந்தால் அல்லவா சந்தேகப்பட வேண்டும்?" என்றார்.

எனக்குப் பதில் அகப்படவில்லை. பதில் அகப்படாத மனிதன் செய்கிற காரியத்தையே நானும் செய்தேன். "என்னவோ, கறுத்தது கறுத்ததுதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று இரவே புஸ்தகங்களைப் புரட்டினேன். மேஸ்திரி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. டீஸல் எஞ்சினில் பிறக்கும் கரி, எஞ்சின் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே புது எண்ணெயைக் கறுப்பாக்கிவிடும். ஸிந்தெடிக் ஆனாலும் சாதாரணம் ஆனாலும் அதில் பேதம் இல்லை. சொட்டுப் பரீட்சையும் அநேக நாடுகளில் வழக்கத்தில் இருக்கும் எளிய பரீட்சைதான்.

மறுநாள் காலையில் போய், "மேஸ்திரி! நான் சொன்னது தப்பு" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷ காலத்தில் எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு எதிரில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன்! எனக்கு அது வாயில் வரவில்லை. 'நாளைக்குப் போகலாம்' என்றேன். நாளை வாரமாயிற்று; வாரம் மாதமாயிற்று. பட்டறைத் தெரு வழியாகப் போவதையே விட்டு, கடைத்தெருவுக்குச் சுற்று வழியாகப் போகத் தொடங்கினேன். மேஸ்திரியும் எங்கள் வாசலில் நிற்பதில்லை. வண்டியின் மூடியை யாரும் திறக்கவில்லை. விலை உயர்ந்த எண்ணெய் ஆயிற்றே, அதற்கு என்ன பார்வை வேண்டும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆவணி மாதத்தில் என் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாவது மாதம். தஞ்சாவூரில் டாக்டரைப் பார்ப்பதற்காக அவளையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பாபநாசத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம்.

"அப்பா! இது என்ன, கிண்டி மாதிரி ஒரு விளக்கு சிவப்பாக எரிகிறது?" என்றாள் பெண்.

பார்த்தேன். எண்ணெய்க் கிண்டியின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுவது போன்ற சித்திரம். எஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்று புஸ்தகத்தில் படித்திருந்தேன். படித்ததில் அது ஒன்றாவது சமயத்துக்கு உதவிற்று. அந்த க்ஷணமே வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தினேன். கம்பியை உருவிப் பார்த்தால், நுனியில்கூட ஈரம் இல்லை.

நல்ல வெயில். பெண்ணின் முகம் வாடிவிட்டது. வழியோடு வந்த ஆட்டோ ஒன்றை நிறுத்தி, அவளையும் அவள் தாயாரையும் தஞ்சாவூருக்கு ஏற்றி அனுப்ப அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணியும் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. ஏறும்போது என் பெண், "மேஸ்திரிக்கு நான் டெலிபோன் செய்துவிட்டேன், அப்பா. வருகிறேன் என்றார்" என்று சொன்னாள். நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

முக்கால் மணியில் மோட்டார் சைக்கிளில் மேஸ்திரி வந்து சேர்ந்தார். பின்னால் இரண்டு லிட்டர் சாதாரண எண்ணெய் கட்டியிருந்தது. வந்தவர், "விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். உடனே நிறுத்திவிட்டேன் என்றதும், அவர் முகம் தெளிந்தது. குனிந்து கீழே எங்கும் ஒழுக்கு இல்லை என்று பார்த்துக்கொண்டார். "பழைய எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயைக் குடிக்கும், ஸார். எட்டு மாதமாக யாரும் பார்க்கவில்லை" என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

"உள்ளே இருப்பது ஸிந்தெடிக். இதன் மேல் அதை ஊற்றலாமா?" என்று கேட்டேன்.

"தாகத்தால் மயங்கி விழுந்தவனுக்கு ஆற்று ஜலமா, கிணற்று ஜலமா என்று பார்ப்பார்களா?" என்றார் மேஸ்திரி.

தரச் சான்று பெற்ற எஞ்சின் எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலந்தால் திரியாதபடிதான் செய்யப்படுகின்றன என்பதைப் பிற்பாடு நானும் தெரிந்துகொண்டேன். இரண்டு லிட்டரையும் ஊற்றினார். ஊற்றியபின் கம்பியை அவர் தொடவில்லை. துணியை என் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்கள், ஸார். துடைத்து ஒரு தரம் செருகி, எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா?"

இருந்தது. கறுப்பாகத்தான் இருந்தது.

"மேஸ்திரி! அன்றைக்குப் பையன்களுக்கு எதிரில் உங்களைத் திருடன் என்று சொல்லாமல் சொன்னேன். அது மகா தப்பு" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. "பையன்கள்தான் நாலைந்து நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஸார்" என்றார். பிறகு, "வண்டியை எடுங்கள். பெண் காத்திருக்கும்" என்று சொல்லி, தஞ்சாவூர் வரையில் என் பின்னாலேயே வந்தார்.

மறுநாள் பட்டறைக்குப் போய், அதே இரண்டு பையன்களுக்கு எதிரில் அதே வார்த்தைகளை மறுபடி சொன்னேன். முதல் நாள் புளியமரத்தடியில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. ஆனால் சொன்ன பிறகு கடைத்தெருவுக்கு நேர்வழியில் போக முடிந்தது.

இப்போது எங்கள் வீட்டு மூன்றாவது வழக்கு தீர்ந்துவிட்டது. இதே சந்தேகத்தில் இருக்கும் நேயர்களுக்கு உபயோகப்படலாம் என்று தீர்ப்பைச் சொல்கிறேன். டப்பாவின் முன்புறம் பெரிய எழுத்தில் இருக்கும் பட்டத்தைப் பார்க்க வேண்டாம். பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் தரக் குறியைப் பாருங்கள். வண்டியோடு கொடுத்த புஸ்தகம் எந்தக் குறியையும் எந்தத் தடிப்பையும் கேட்கிறதோ, அதுவே அந்த எஞ்சினுக்குப் பத்தியம். என் வண்டியின் புஸ்தகம் இரண்டு ரகத்தையும் அனுமதிக்கிறது, எங்கள் ஊரில் குளிரும் இல்லை, எஞ்சினும் பழசு. ஆகவே 15டபிள்யூ-40 சாதாரண எண்ணெய்க்கே திரும்பிவிட்டோம்.

என் பிள்ளையின் வண்டி சமாசாரம் வேறு. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் நாடு முழுவதும் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பிறகு வாங்கியது அது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று அதன் புகைக்குழாயில் இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துவிடும்; ஆனால் மசகு எண்ணெயின் மருந்துச் சரக்கிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. ஆகையால் சாம்பல் குறைந்த தனி ரகம் அதற்கு வேண்டும். அவனுடைய புஸ்தகம் கேட்கும் அந்த ரகம் ஸிந்தெடிக்காகத்தான் கிடைக்கிறது. அவன் அதை வாங்குவது நியாயம். எங்கள் வண்டிக்கு வாங்கி வந்தது, நியாயம் அல்ல, பிரியம்.

இன்னொன்று: விலை இரண்டு பங்கு என்பதால் இரண்டு பங்கு காலம் ஊற்றி வைத்திருக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. கரியும் அமிலமும் எந்த எண்ணெயிலும் சேரத்தான் சேரும். நேரத்தில் மாற்றிய சாதாரண எண்ணெய், மறந்துபோன உயர்ந்த எண்ணெயைவிட மேல்.

பேத்தி பிறந்து நான்கு மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் காபி சாப்பிட்டதும், துணியும் கையுமாக நானே வாசலுக்குப் போய் வண்டியின் மூடியைத் திறக்கிறேன். மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தால், நான் கம்பியைச் சரியாகத் துடைக்கிறேனா என்று நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

"எண்ணெய் எப்படி இருக்கிறது?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்பாள்.

"கறுப்பு" என்பேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு, அவள் தோசைக்குக் கடலை எண்ணெயை ஊற்றுவாள்.